பிணம் எடுக்கும்போது மட்டும் பொதுமக்கள்

கிணற்றில் விழுந்தவர், ஏரியில் மூழ்கியவர், வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனவர் என்று யாரைப் பற்றிய செய்தியாக இருந்தாலும் தினசரிகளில் கடைசி வரி ஏறக்குறைய ஒன்றுதான்: ‘தீயணைப்புத் துறையினர் பொதுமக்கள் உதவியுடன் உடலை மீட்டனர்.’ விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் செய்திகளை வருஷக்கணக்காகப் படித்துவருகிறேன். இந்தப் ‘பொதுமக்கள்’ யார்? வரப்போரம் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்த ஊர்த்தெருக்காரர்களும் பொதுமக்கள்தான். ஆனால் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கியவன் காலனிக்காரன். கிணற்றுப் பொந்தில் பாம்பு இருக்கிறது என்று சொல்லி முதலில் இறக்கப்பட்டவன் இருளர் குடியிருப்பிலிருந்து கூட்டிவரப்பட்டவன்.

வேறு எந்த விஷயத்திலாவது இந்த ஆட்களைப் ‘பொதுமக்கள்’ என்று எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? விழுப்புரத்துக்குப் பக்கத்திலிருக்கும் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரலில் நம்மாட்கள் நுழைந்தபோது அடி விழுந்தது. பேச்சுவார்த்தை மேல் பேச்சுவார்த்தை நடத்திக் கடைசியில் ஜூன் மாதம் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். அப்போதைய செய்திகளில் ‘பொதுமக்கள்’ ஒரு பக்கம், ‘பட்டியல் சமூகத்தினர்’ இன்னொரு பக்கம். கோயில் வாசலில் நாம் பொதுமக்கள் இல்லை. கிணற்றுக்கு அடியில் மட்டும் பொதுமக்கள். அறுபதடி ஆழத்தில்தான் இந்தச் சமூகம் நமக்குச் சமத்துவம் தருகிறது.

இப்போது இன்னொரு சொல்லும் சேர்ந்திருக்கிறது: ‘தன்னார்வலர்’. கலெக்டர் ஆபீஸ் செய்திக் குறிப்பிலும் தொண்டு நிறுவன பேனரிலும் தாராளமாகப் புழங்குகிற சொல். கேட்க அழகாக இருக்கிறது. தானே ஆர்வப்பட்டு வந்தவன், கூலி கேட்காதவன், கணக்குப் பார்க்காதவன். இந்தச் சொல்லுக்கு நம் தெருவில் பழைய பெயர் ஒன்று உண்டு. வெட்டி. கூலியில்லாத வேலைக்கு வெட்டி வேலை என்று பெயர், அதைச் செய்கிறவனுக்கு வெட்டியான் என்று பெயர். சாவு சொல்லப் போவது, பாடை கட்டுவது, குழி வெட்டுவது, செத்த மாட்டை இழுத்துப் போடுவது என்று ஊருக்குச் செய்த அத்தனைக்கும் களத்தில் ஒரு முறம் நெல். 1980இல் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிந்தன. பின்னாளில் தலையாரியும் வெட்டியானும் கிராம உதவியாளர் ஆனார்கள். காகிதத்தில் பெயர் மாறியது. ‘ஆளக் கூட்டா’ என்று ஏட்டு சொன்னால் ஆள் போகிற தெரு மட்டும் மாறவில்லை.

மகாராஷ்டிரத்தில் மகர்களுக்கு இதே கதிதான். ‘வதன்’ என்ற பேரில் ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்துவிட்டு, நாள் முழுக்க, வருஷம் முழுக்க அரசாங்கத்துக்கும் ஊருக்கும் ஓட வைத்தார்கள். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பரம்பரைப் பதவிச் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவந்தார் அம்பேத்கர். வேலை வாங்குகிறவன் யார், எவ்வளவு வேலை, எவ்வளவு கூலி என்பதைக் காகிதத்தில் எழுது என்பதுதான் அதன் சாரம். நான் இங்கே கேட்கப்போவதும் அதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை.

கிணற்றில் இறங்குவது என்றால் என்ன என்று நகரத்துத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் விவசாயக் கிணறுகள் ஆழமானவை. பாழுங்கிணறு என்றால் இலைதழை மக்கி, அடியில் காற்றே இருக்காது. டீசல் எஞ்சினை உள்ளே இறக்கி ஓட்டியிருந்தால் புகை அங்கேயே தங்கிக் கிடக்கும். பெரியவர்கள் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி முதலில் இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்துவிட்டால் ஆள் இறங்கக் கூடாது. ஆனால் கார்பன் மோனாக்சைடு இருக்கிறதா என்பதை விளக்கு சொல்லாது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஆள் செத்துக்கொண்டிருப்பான். மலக்குழியில் இன்னொரு விஷம். அழுகிய முட்டை நாத்தம் வருகிறவரைக்கும் பிழைக்க வழியுண்டு. திடீரென்று நாத்தம் நின்றுபோனால், வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். முதல் ஆள் சாய்ந்ததும் மேலே நிற்கிறவன் என்ன செய்வான்? தம்பி, மச்சான், ‘டேய்’ என்று கத்திக்கொண்டு அவனும் குதிப்பான். மலக்குழிச் சாவுகளில் ரெண்டு பேர், மூணு பேர் என்று செய்தி வருவதற்குக் காரணம் இதுதான். இரண்டாவதாகச் செத்தவன் வேலைக்குப் போனவன் இல்லை, காப்பாற்றப் போனவன்.

எங்க சித்தப்பா கிணற்று வேலையில் பேர்போனவர். தூர் வாருவார், மோட்டார் எடுத்துக் கொடுப்பார், பிணமும் எடுப்பார். திண்டிவனத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து மைல் தூரத்துக்கு யார் கிணற்றில் விழுந்தாலும் ஆள் வரும். பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். ஊதின உடம்பு, தொட்டால் தோல் கையோடு வரும். அதனால் இறங்குவதற்கு முன்னாடி ஒரு குவாட்டர் வாங்கித் தருவார்கள். அது கூலி இல்லை, மயக்க மருந்து. எடுத்து முடித்தபிறகு செத்தவர் வீட்டில் மனசிருந்தால் ஏதாவது தருவார்கள். இல்லையென்றால் ஒரு பழைய வேட்டி. 1998 வாக்கில் ஒருநாள், மேலே ஏறி வரும்போது கயிறு நழுவிக் கல்கட்டின் மேல் விழுந்தார். முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ஒரு மாசம் கழித்துச் சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு, கூப்பிட்டு அனுப்பிய ஸ்டேஷனுக்குப் போனாள். “சார், நீங்கதான சார் சைக்கிள்ல ஆளு அனுப்பிச்சி எழுப்பிக் கூட்டினு போனீங்க. இப்ப படுத்த படுக்கையா கெடக்கறாரு, எதனா எழுதிக் குடுங்க சார்.” அங்கே உட்கார்ந்திருந்தவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நாங்க எங்கம்மா கூப்ட்டோம்? அவனா வந்தான், அவனா எறங்குனான். குடிச்சிட்டு வேற எறங்கியிருக்கான்.”

அவனா வந்தான். தன்னார்வம் என்ற சொல்லுக்கு இதைவிடச் சரியான தமிழை நான் எங்கும் படித்ததில்லை.

அந்தச் சாவுக்கான விசாரணை அறிக்கையைப் பின்னாளில் ஒரு வக்கீல் தோழர் மூலமாகப் பார்த்தேன். பஞ்சாயத்தார் ஐந்து பேரின் பெயரும் தகப்பன் பெயரும் கையெழுத்தும் இருந்தன. கிணற்றின் நீள அகலம் இருந்தது. ‘உடல் கிணற்றிலிருந்து வெளியே எடுக்கப்பட்டது’ என்று இருந்தது. யாரால்? செயப்பாட்டு வினை எதற்குப் பயன்படும் என்பதை இலக்கண வாத்தியார் சொல்லிக் கொடுத்ததில்லை, போலீஸ் ஸ்டேஷன் சொல்லிக் கொடுத்தது. சித்தப்பா ஏழு வருஷம் படுக்கையில் கிடந்து செத்தார். சித்தி அதுவரைக்கும் சித்தாள் வேலைக்குப் போய் அவருக்குக் கஞ்சி ஊற்றினாள்.

சட்டம் என்ன சொல்கிறது? வேலையில் செத்தாலோ முடமானாலோ இழப்பீடு என்று இந்தியாவில் 1923லேயே சட்டம் வந்துவிட்டது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர். அதன் இரண்டாவது அட்டவணையில் யார் யாருக்குப் பொருந்தும் என்று நீண்ட பட்டியல். தீயணைப்புப் படையில் வேலை செய்கிறவர், காட்டுத்தீயை அணைக்கிறவர், சாக்கடைக் குழாயைக் கட்டிப் பழுது பார்க்கிறவர் எல்லாரும் அதில் உண்டு. விஷம் எடுப்பதற்காகப் பாம்பைக் கையாளும் வேலையும் உண்டு. பாம்பு பிடிக்கிற இருளர் இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், சந்தோஷம்தான். ஆனால் வடநெம்மேலி கூட்டுறவுச் சங்கத்துக்காகப் பாம்பு பிடிப்பவரைத்தான் பட்டியல் அடையாளம் காணும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு வீட்டுக்காரர் கூப்பிட்டு, அடுப்பங்கரையில் புகுந்த பாம்பைப் பிடிக்கப் போய்க் கடிபட்ட இருளரை அது அடையாளம் காணாது. வேலை ஒன்றுதான், பாம்பும் ஒன்றுதான். முதலாளிதான் இல்லை.

அங்கேதான் முடிச்சு. இந்தச் சட்டத்தின் கதவைத் திறக்க மூன்று சாவி வேண்டும். முதலாளி யார்? சம்பளம் எவ்வளவு? விபத்து வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் நடந்ததா? கூப்பிட்டவர் முதலாளி இல்லை என்பார். கூலி ஒரு குவாட்டர் என்றால் சம்பளம் சைபர். சைபரை எதால் பெருக்கினாலும் சைபர். முறையாகக் கணக்குப் போட்டால் என்ன வரும் என்று பாருங்கள். 2020 ஜனவரி முதல் மாதச் சம்பள வரம்பு 15,000 ரூபாய். 40 வயதில் செத்தவருக்குப் பெருக்கு எண் 184.17. சம்பளத்தில் பாதி 7,500. பெருக்கினால் 13,81,275 ரூபாய். சம்பள ரசீது இருப்பவனின் பெண்டாட்டிக்கு இது உரிமை. கயிறு பிடித்தவனின் பெண்டாட்டிக்கு “அவனா வந்தான்”.

சித்தப்பா விழுந்த காலத்தில் இன்னொரு தடுப்பும் இருந்தது. முதலாளியின் தொழிலுக்குச் சம்பந்தமில்லாமல் எப்போதாவது கூப்பிடப்படும் தற்காலிக ஆள் தொழிலாளியே இல்லை என்று சட்டத்தின் வரையறையே சொல்லிற்று. 2000இல்தான் அந்த வார்த்தைகளை எடுத்தார்கள். குடித்திருந்தான் என்ற வாதமும் சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் செல்லாது என்று 1995லேயே திருத்தியாகிவிட்டது. ஸ்டேஷனில் அன்று சித்தியிடம் சொன்ன கடைசி வாக்கியம் அன்றைய சட்டப்படியே செல்லாத காசு. அதைச் சொல்ல எங்கள் பக்கத்தில் ஆளில்லை. 2025 நவம்பர் 21 முதல் 1923 சட்டம் போய், சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் இதெல்லாம் கரைந்துவிட்டது. நூறு வருஷம் கழித்துப் புதிதாக எழுதியவர்களுக்கும் கயிறு பிடித்தவன் கண்ணில் படவில்லை.

கூலி வாங்காதவனுக்கு எப்படி இழப்பீடு கணக்கிடுவது என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் சிற்றூர்களில் தீயணைப்பவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத ஆட்கள்தான். தச்சர், கடைக்காரர், வாத்தியார் என்று மணி அடித்தால் ஓடிவருகிறவர்கள். பென்சில்வேனியா மாநிலச் சட்டம் அப்படி வருகிறவரை அந்த உள்ளாட்சியின் ஊழியர் என்று வைத்துக்கொள்கிறது. அவர் சம்பளத்தை மாநிலத்தின் சராசரி வாரக் கூலிக்குக் குறையாதது என்று வைத்துக்கொள்கிறது. அதை யாரும் மறுத்து வாதாட முடியாது. சைபரைச் சராசரி என்று சட்டமே எழுதிவிட்டது. ஜெர்மனியில் இன்னும் ஒருபடி மேலே. ஆபத்தில் கிடப்பவரைக் காப்பாற்றப் பாய்ந்த வழிப்போக்கர்கூட, பாய்ந்த அந்தக் கணத்திலிருந்து அரசின் விபத்துக் காப்பீட்டுக்குள் வந்துவிடுகிறார். பிரீமியம் கட்டியிருக்க வேண்டியதில்லை, பெயர் பதிந்திருக்க வேண்டியதில்லை. அங்கே வெள்ளைக்காரன் தன்னார்வலனாக இருக்கிறான், அதனால் தன்னார்வலனின் உயிருக்கு விலை இருக்கிறது. இங்கே தன்னார்வலன் யார் என்பது உங்களுக்குத் தெரியும்.

இங்கே எல்லாமே கருணைதான். 2015 நவம்பர் 26, கோழிக்கோடு. பாதாளச் சாக்கடையில் இறங்கிய இரண்டு ஆந்திரத் தொழிலாளிகள் மயங்கி விழ, அந்த வழியாக வந்த நௌஷாத் என்கிற ஆட்டோ ஓட்டுநர் உள்ளே இறங்கினார். மூன்று பேரும் செத்தார்கள். கேரள அரசு நௌஷாத் குடும்பத்துக்கு நிதியும் மனைவிக்கு வேலையும் அறிவித்தது. செய்தது சரி. உடனே வெள்ளாப்பள்ளி நடேசன் என்ன சொன்னார்? முஸ்லிம் என்பதால்தான் கொடுத்தார்கள் என்றார். உரிமையாக இல்லாமல் அறிவிப்பாகக் கொடுத்தால் இதுதான் நடக்கும். செத்தவனின் மதத்தையும் சாதியையும் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான்கள். சட்டத்தில் எழுதியிருந்தால் நடேசனுக்குப் பேச இடமிருந்திருக்காது.

மலக்குழிச் சாவுக்கு 10 லட்சம் என்று 2014 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபர் 20இல் அதை 30 லட்சமாக்கியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம். போராடி வாங்கியது, யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. சாலையில் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிறவருக்கு ஒன்றிய அரசு 2021இல் 5,000 ரூபாய் வெகுமதி அறிவித்தது, 2025இல் 25,000 ஆக்கியது. திண்டிவனம் – விழுப்புரம் நெடுஞ்சாலை ஓரத்துக் காலனிகளில் கேட்டுப் பாருங்கள், ராத்திரியில் சத்தம் கேட்டதும் ஓடுகிற பையன்கள் யார் என்று. நொறுங்கின வண்டியிலிருந்து ஆளை இழுக்கும்போது பின்னாடி வந்த லாரி அடித்து அந்தப் பையன் செத்தால்? வெகுமதி இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, காப்பீடு இல்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் பயிற்சி பெற்ற தன்னார்வலருக்கு மூன்று வருஷக் காப்பீடு உண்டு. ஆக முடியாதது ஒன்றுமில்லை. அடையாள அட்டையும் சீருடையும் போட்ட தன்னார்வலருக்கு முடிகிறது, லுங்கியோடு ஓடிவருகிறவனுக்கு முடியவில்லை. கொரோனா வந்தபோது 2020இல் சுகாதாரப் பணியாளர்களுக்கு 50 லட்சம் காப்பீடு என்றார்கள், அதில் தன்னார்வலர் என்ற சொல்லும் இருந்தது. நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு என்று எழுதிய திட்டம் அது. நோயாளி செத்தபிறகு தூக்கிப்போய் எரித்தவன் எந்த வரியில் வருகிறான்?

2004 சுனாமியில் நாகப்பட்டினக் கரையில் அழுகிக்கிடந்த உடல்களை எடுக்க மற்ற ஊர் நகராட்சிகளிலிருந்து லாரி லாரியாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அருந்ததியர்கள். பலருக்குக் கையுறைகூட இல்லை. இருபது வருஷம் கழித்து 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்கள் தலைமேல் வந்து நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. சாத்தனூர் அணையிலிருந்து 1,60,000 கன அடிக்கும் மேலே திறந்துவிட, தென்பெண்ணை கரையைத் தாண்டிப் புகுந்தது. இருவேல்பட்டில் அமைச்சர் மேல் சேறு விழுந்ததை எல்லாத் தொலைக்காட்சியும் காட்டியது. கழுத்தளவுத் தண்ணீரில் கட்டிலைக் கவிழ்த்துப்போட்டுக் கிழவிகளை இழுத்து வந்த பையன்களை யார் காட்டினார்கள்? செத்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம், ரேஷன் கார்டுக்கு 2,000 என்று அறிவித்தார்கள். காப்பாற்றப் போய்க் காலில் தகரம் கிழித்து மாதக்கணக்கில் வேலைக்குப் போகாதவனுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

இதையெல்லாம் வெறும் காப்பீட்டுக் குறைபாடு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, தலித்தையோ பழங்குடியையோ மனிதப் பிணத்தையோ செத்த விலங்கையோ தூக்கும்படி, குழி வெட்டும்படி கட்டாயப்படுத்துவது குற்றம். அரசியல் சட்டம் 23ஆம் பிரிவு வெட்டி வேலையைத் தடைசெய்கிறது. பொதுநோக்கத்துக்காக அரசு கட்டாயச் சேவை வாங்கலாம், ஆனால் அதில் சாதி பார்க்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அப்படியென்றால் ஊரில் ஆயிரம் ஆண்பிள்ளைகள் இருக்க, ஏட்டு நேராகக் காலனிக்கு வருவது என்ன? அது குற்றமாகாமல் தப்பிக்க ஒரே வழி, வந்தவன் தானாக வந்தான் என்பது. ‘தன்னார்வலர்’ என்ற சொல் பாராட்டு இல்லை, அது போலீஸ்காரரின் முன்ஜாமீன். நம் மேல் பொய்க் கேஸ் போடும்போது நம் பெயர், அப்பன் பெயர், அங்க அடையாளம் எல்லாம் தெரிகிற ஸ்டேஷனுக்கு, பிணம் எடுத்தவன் பெயர் மட்டும் தெரியாமல் போகிறது. இருளர்களிடம் கேட்டால் இதை இன்னும் விரிவாகச் சொல்வார்கள்.

நம் தோழர்களிலேயே சிலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள். இழப்பீடு கேட்பது இந்த வேலையை ஒத்துக்கொள்வதாகாதா? பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று ஊர் ஊராகப் போராடிய நாம், பிணம் எடுக்கக் காப்பீடு கேட்கலாமா? கேள்வி நியாயமானது. மறுக்க முடிகிறவன் மறுக்கட்டும், அவன் பக்கம் நிற்பது நம் முதல் வேலை. ஆனால் பக்கத்துக் கழனியில் ஒரு குழந்தை விழுந்துவிட்டது என்றால் மறுத்துவிட்டு நிற்க நம் பையன்களால் முடியாது. அவர்களை நிற்கச் சொல்லும் உரிமை எனக்கும் இல்லை. இன்னொன்று, மனுஷன் மலிவாகக் கிடைக்கிறவரை எந்த அரசும் மெஷின் வாங்காது. மூச்சுக்கருவியும் கயிறும் உள்ள தீயணைப்பு வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும், காலனி ஆள் ஐந்து நிமிஷத்தில் வருவான், செத்தாலும் செலவில்லை. செலவு வை. அவன் செத்தால் மாவட்ட நிர்வாகம் 13 லட்சம் எடுத்து வைக்க வேண்டும் என்று ஆக்கு. அப்புறம் பார், வண்டி எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று.

ஊர்த்தெரு மனிதாபிமானிகள் வேறுவிதமாகக் கேட்கிறார்கள். உசுரைக் காப்பாத்தறதுக்குமா காசு கேப்பீங்க? குதிக்கும்போது எங்கள் பையன் காசு கேட்கவில்லை சாமி. மேலே வராமல் போனவனின் பிள்ளைக்குச் சோறு கேட்கிறோம்.

தீயணைப்புத் துறைத் தொழிலாளிகள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களும் பற்றாக்குறை ஆளோடும் பழைய கருவியோடும் ஓடுகிறவர்கள்தான். 1944 ஏப்ரல் 14இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது செத்த தீயணைப்பு வீரர்களுக்காக வருஷா வருஷம் அதே நாளில் நாடு முழுக்க அஞ்சலி செலுத்துகிறார்கள். அம்பேத்கர் பிறந்த நாளும் அதுவே. அந்த வருஷம் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தவரும் அவரே. ஏப்ரல் 14இல் மாலை போடுகிற நம் இளைஞர்கள், அன்றைக்கே திண்டிவனம், விழுப்புரம் தீயணைப்பு நிலையங்களுக்குப் போய் அந்த வீரர்களையும் கூட்டு சேர்த்து இந்தக் கோரிக்கையைப் பேசினால் என்ன?

கோரிக்கை இதுதான். போலீசோ, வருவாய்த் துறையோ, தீயணைப்புத் துறையோ, ஊராட்சித் தலைவரோ, மீட்புக்கோ பிணம் எடுக்கவோ யாரைக் கூப்பிட்டாலும் அவர் அந்த நேரத்துக்கு அரசு ஊழியர் என்று மாநில அரசு சட்டம் எழுத வேண்டும். கூப்பிடாமல் குதித்தவரும் அதில் அடக்கம். சம்பளம் இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலியைச் சம்பளமாக வைத்துக் கணக்கிட வேண்டும். காயம், தோல்நோய், மஞ்சள்காமாலை எல்லாவற்றுக்கும் மருத்துவச் செலவும் வேலையிழந்த நாளுக்குக் கூலியும் வேண்டும். மரண விசாரணை அறிக்கையில் பஞ்சாயத்தார் ஐந்து பேரின் பெயருக்குக் கீழே ஆறாவதாக ஒரு வரி சேர்க்க வேண்டும். உடலை எடுத்தவர் பெயர், தகப்பனார் பெயர், கூப்பிட்டு அனுப்பிய அதிகாரியின் பெயர், நேரம், கொடுத்த கூலி. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் இதை மனுவாக எழுதி விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் கொடுக்கப்போகிறோம். கிணற்றில் இறங்கியவர்கள், இறங்கி முடமானவர்கள், இறங்கியவரைப் பறிகொடுத்தவர்கள் எந்தக் காலனியிலோ இருளர் குடியிருப்பிலோ இருந்தாலும் பெயரும் நடந்த தேதியும் எழுதிக்கொண்டு வரவும். சீல் போட்ட ரசீது வாங்காமல் யாரும் திரும்பக் கூடாது.